மேற்படி தேசம்மாள்

அவள் ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் தம்பி. ஒரே ஒரு வார்த்தை. அதற்குப் படிப்பு வேண்டாம், பட்டம் வேண்டாம். நாற்பத்தொரு பெண்களுடைய வாக்குமூலம் அந்த ஒரு வார்த்தைக்காக மேஜைமேல் காத்துக் கிடந்தது. சொல்லவில்லை. எழுந்து நின்றாள், தலையைச் சொறிந்தாள், நிதானமாக யோசித்தாள், ‘இல்ல சாமி’ என்றாள். அவ்வளவுதான், முடிந்தது.

உட்காருங்கள், உட்காருங்கள். உங்கள் ஆர்.ஐ. சாப்பிடப் போனால் நாலு மணிக்கு முன்னால் வரமாட்டார். அந்த மனுவைக் கொஞ்சம் காட்டுங்கள். வாரிசுச் சான்றிதழா? யார் எழுதியது, நீங்களேவா? எழுத்து நன்றாக இருக்கிறது. ஆனால் ‘என் தகப்பனார் இறந்துவிட்டார், சான்றிதழ் தேவை’ என்று மொட்டையாகக் கேட்டிருக்கிறீர்கள். இப்படிக் கேட்டால் கல்லும் கரையாது தம்பி. கேட்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது. நான் தணிகாசலம். இந்தத் தாலுகா ஆபீஸ் வாசலில் முப்பத்தொரு வருஷமாக மனு எழுதுகிறேன். ஆடு காணாமல் போன ஒருவனுக்கு நான் எழுதிக் கொடுத்த மனுவைப் படித்துவிட்டு அன்றைக்கு இருந்த தாசில்தார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆடு கிடைத்ததா என்று கேட்காதீர்கள். அது வேறு விஷயம்.

அப்படிப்பட்ட என் எழுத்தைத்தான் இந்தத் தேசம்மாள் சபையில் வைத்து இல்லை என்றுவிட்டாள்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஜெசிந்தா என்று ஒரு வக்கீலம்மா. முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். ஸ்கூட்டியில்தான் சுற்றுவார். ஏரிக்கரை, தோப்போரம், கல்குவாரிப் பக்கம் என்று எங்கெல்லாம் இருளர் குடிசை இருக்கிறதோ அங்கெல்லாம் போய்ப் பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார். போன மார்கழியில் ஒரு நாள் நேராக என் பெஞ்சுக்கு வந்தார்.

‘‘என்னம்மா, மனைப்பட்டாவா?’’ என்றேன்.

‘‘இல்லங்கய்யா. சட்டத்த மாத்தச் சொல்லணும்.’’

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது தம்பி. பட்டாவுக்கு எழுதியிருக்கிறேன், பென்ஷனுக்கு எழுதியிருக்கிறேன், தெருவிளக்குக்கு எழுதியிருக்கிறேன். சட்டத்தையே மாற்றச் சொல்லி இதுவரை யாரும் என்னிடம் வந்ததில்லை.

விஷயம் இதுதான். இருளர் பெண் ஒருத்தியை எவனாவது அடித்துவிட்டால் அதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் அவள் ஸ்டேஷனுக்குப் போனால், ‘நீ இருளர்தான் என்பதற்குச் சாதிச் சான்றிதழ் கொண்டு வா, அப்புறம் அந்தச் சட்டத்தில் எழுதுகிறேன்’ என்கிறார்கள். சான்றிதழ் வாங்கப் போனால் உன் அப்பனுடைய சான்றிதழ் எங்கே என்கிறார்கள். அப்பனுக்கு ஏது? அவன் எலி வளை தோண்டிக்கொண்டிருந்தவன். ‘சான்றிதழ் கேட்கச் சொல்லிச் சட்டத்தில் இல்லவே இல்லை’ என்பது வக்கீலம்மாவின் கட்சி. ‘சான்றிதழ் வேண்டியதில்லை என்பதைச் சட்டத்திலேயே எழுதிவையுங்கள்’ என்று கேட்கப் போகிறார்கள். இது ஒன்று.

இன்னொன்று குழந்தைகள் விஷயம். அடிபட்டவள் புகார் கொடுத்ததும், வீட்டில் பாதுகாப்பு இல்லை என்று குழந்தையை ஒரு வேனில் ஏற்றி அரசாங்கக் குழந்தைகள் இல்லத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். திரும்பக் கேட்டால் நீதான் தாய் என்பதற்கு என்ன ஆதாரம், வீடு எங்கே, ஆதார் எங்கே என்று நடையாய் நடக்கவேண்டும். அதனால் எத்தனையோ பேர் அடி வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். புகார் கொடுத்ததற்காகத் தாயையும் பிள்ளையையும் பிரிக்கக் கூடாது என்று சட்டம் வரவேண்டும். இதையெல்லாம் கேட்க ஒரு அரசாங்கக் குழு வருகிறது, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். பத்தே நாள்தான் இருந்தது. வக்கீலம்மாவுக்குக் காலையில் கோர்ட்டு, மாலையில் பக்கத்துத் தாலுகா.

‘‘நாப்பத்தியொரு பேருங்கய்யா. ஒவ்வொருத்தரா அனுப்பறேன். அவங்க சொல்றத அப்படியே எழுதுங்க. அழகு வேணாம்’’ என்றார்.

அழகு வேண்டாம் என்று என்னிடம் சொல்கிறார்! நான் சிரித்துக்கொண்டேன். சின்ன வயசு. அப்படியே எழுதுவதென்றால் எதற்கு ஒரு மனு எழுதுகிறவன்?

முதலில் வந்தவள் தேசம்மாள்தான். முப்பது வயதுக்குள் இருக்கும், பார்த்தால் நாற்பது சொல்லலாம். பெஞ்சில் உட்காரம்மா என்றேன். உட்காரவில்லை, கீழே குந்திக்கொண்டாள். நான் சாதி பார்க்கிறவன் இல்லை தம்பி, அதைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கேட்டாள், என் பாட்டிலையே எடுத்துக் கொடுத்தேன். அண்ணாந்து குடிம்மா என்று மட்டும் சொன்னேன்.

மூன்று மணி நேரம் பேசினாள். நீங்கள் நம்பமாட்டீர்கள், நடந்தது என்ன என்று கேட்டால் கோழியிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

‘‘எங் குடிசையில ஒரு மூலையில கோழி அடையில இருந்துச்சி சாமி. பதினோரு முட்ட. எங்க அண்ணி குடுத்த கோழி அது, செவப்புக் கோழி. அடைக்கு வெச்சது பூங்காவனந்தான்.’’

பூங்காவனம் அவள் பெண். ஏழு வயசு. எப்போது பிறந்தாள் என்று கேட்டேன், தேதி வேண்டுமே. ‘‘மாசி மகத்துக்குக் கடலுக்குப் போனம் சாமி, எங்க சனமெல்லாம் போவுமே, கன்னியம்மாவக் கும்புட. மணல்ல குடுசு போட்டுப் படுத்திருந்தம். விடியக்காத்தால மணல்லயே பொறந்துட்டா’’ என்றாள். இதை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? ‘சுமார் ஏழு வயது மதிக்கத்தக்க’ என்று குறித்துக்கொண்டேன்.

‘‘புள்ளைக்குக் காச்சல். கோழி பக்கத்துலயே குந்திக்கினு இருந்துச்சி. அதனால நான் அன்னிக்கி சவுக்கு வெட்டப் போவல. மேஸ்திரி தேடிக்கினு வந்தான். வாயில வெத்தல. ஏண்டி வரலன்னான். புள்ளைக்கு ஒடம்பு காயுதுன்னேன். தலமயிரப் புடிச்சி இழுத்தான். இழுத்த இழுப்புல அவங் காலு அடைக்கூடைகிட்ட போச்சி. ‘மெதிக்காத மாமா, மெதிக்காத’ன்னு பூங்காவனம் ஓடியாந்து அவங் காலக் கட்டிக்கிச்சி. உட்டான் ஒண்ணு. முருங்கக் கெள முறியிமே, அந்தச் சத்தம் சாமி. அவன் வெத்தல மெல்றத நிறுத்தல.’’

காரை எலும்பு முறிந்துவிட்டது குழந்தைக்கு. பெரியாஸ்பத்திரி. அங்கிருந்து ஸ்டேஷன். நாலாம் நாள் வேன் வந்தது. கட்டோடு குழந்தையை ஏற்றிக்கொண்டு போனார்கள். ‘‘பூங்காவனம் வேன்ல ஏறச்சொல்ல என்னப் பாத்து, ‘கோழியப் பாத்துக்க, பொரிச்சிரும்’ன்னு சொல்லிச்சி சாமி’’ என்றாள். பேசப் பேசப் பூங்காவனம் பூங்காவனம் என்று அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எண்ணவில்லை, ஆனால் நூறு தடவை இருக்கும்.

எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டேன் தம்பி. பாதியில் எழுந்திருக்கவில்லை. ஒன்று சொல்லவேண்டும், அந்த மேஸ்திரி எனக்குத் தெரியாதவன் இல்லை. அவன் ஸ்டேஷனில் கொடுத்த எதிர்ப் புகாரை நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். முறைக்காதீர்கள். வருகிறவருக்கு எழுதுவது தொழில், டாக்டர் ஆள் பார்த்தா ஊசி போடுகிறார்? ‘மேற்படி பெண் குடிப்பழக்கம் உள்ளவர், கொடுவாளைக் காட்டி மிரட்டினார், அந்தக் குடிசையில் மைனர் குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லை’ என்று எழுதினேன். பாதுகாப்பு இல்லை என்பது அந்த மாதிரிப் புகாரில் வழக்கமாகப் போடுகிற வரி. அவன்கூட அப்படிச் சொல்லவில்லை, நான்தான் ஒரு நிறைவுக்காகச் சேர்த்தேன். அது அப்படியே எடுபட்டது. வேன்காரர்கள் அந்த வரியைத்தான் காட்டினார்களாம். பார்த்தீர்களா, முறையாக எழுதினால் நடக்கிறது. தேசம்மாளுக்கு இது தெரியாது. தெரிந்து என்ன ஆகப் போகிறது, மனசு கஷ்டம்தான்.

அவள் போனபிறகு இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். நாலு தடவை அடித்துத் திருத்தினேன். கேளுங்கள்:

‘மேற்படி முகவரியில் வசித்துவரும் பழங்குடி இருளர் இனத்தைச் சேர்ந்த ஏழை எளியவளாகிய நான், மேற்படி நபரின் மனிதாபிமானமற்ற செய்கையால் சொல்லொணாத் துயரத்துக்கும் ஆற்றொணா மன உளைச்சலுக்கும் ஆளாகி, என் மைனர் மகளைப் பிரிந்து, அனலிலிட்ட புழுவாய்த் துடித்துவருகிறேன் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கின்றேன்.’

எப்படி? பாருங்கள், உங்கள் முகமே மாறுகிறது. அவள் மூன்று மணி நேரம் சொன்னதை ஒரே மூச்சில் கொண்டுவந்துவிட்டேன். கோழி கிடையாது, வெற்றிலை கிடையாது, முருங்கைக் கிளை கிடையாது. இதெல்லாம் ஒரு நீதிபதி படிக்கிற காகிதத்தில் இருக்கலாமா?

மற்ற நாற்பது பேரும் அடுத்தடுத்த நாட்களில் வந்தார்கள். ஒரு ஏழெட்டுப் பேரிடம் முழுசாகக் கேட்டேன். அப்புறம் நேரம் இல்லை. பெயர், வயது, புருஷன் பெயர், பிள்ளைகள், யார் அடித்தது, எங்கே பட்டது, அவ்வளவுதான் கேட்டேன். எல்லாருக்கும் ஒரே கதைதானே தம்பி, ஆள்தான் வேறு. எதிரே ஜெராக்ஸ் கடையில் ஒரு பெண் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கும். தேசம்மாளுக்கு எழுதியதையே வைத்துக்கொண்டு மேலே பெயர் விவரத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போகச் சொன்னேன். நல்ல எழுத்து ஒன்று அமைந்துவிட்டால் அதை எதற்கு வீணடிப்பது?

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பெண்கள் வந்துபோன நாட்கள் கலகலப்பாகத்தான் இருந்தன. அதில் குப்பம்மாள் என்று ஒரு கிழவி. வயது என்ன என்றேன்.

‘‘நீயே பாத்து ஒண்ணு போடு சாமி. கொறச்சலாப் போடு, சட்டம் வந்தா எவனாச்சும் பொண்ணு கேக்கட்டும்’’ என்றாள்.

பின்னால் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ‘‘சாமி நாம சொல்றதுக்கு முன்னயே எழுதுது பாரு, தலையெழுத்துக்காரன் மாதிரி’’ என்றாள் இன்னொருத்தி. அதற்கும் சிரிப்பு. நானும் சிரித்தேன். அடி வாங்கியதைச் சொல்ல வந்தவர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

எல்லாத் தாளிலும் கடைசி வரி, ‘படித்துக்காட்டக் கேட்டுச் சரியென ஒப்புக்கொண்டு இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தேன்.’ மையைத் தடவி வரிசையாக வைத்தார்கள். படித்துக்காட்டினீர்களா என்று நீங்களும் கேட்காதீர்கள். இந்த முப்பத்தொரு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.

ஜெராக்ஸ் கடையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் விசாரணை நாள் காலையில்தான் கட்டு தயாரானது. பெண்களோடு வேன் புறப்படுகிற இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டேன். வெள்ளைச் சட்டை. நம்முடைய எழுத்து நீதிபதி கைக்குப் போகிறது, பார்க்காமல் இருக்க முடியுமா?

வேன் ஓடிக்கொண்டிருந்தது. வக்கீலம்மா முன் சீட்டில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தார். முதல் தாளைப் படித்தார். இரண்டாவது தாளைப் படித்தார். மூன்றாவதை எடுத்தவர் பாதியில் நிறுத்திவிட்டு நடுவிலிருந்து ஒன்றை உருவினார். கடைசியிலிருந்து ஒன்றை உருவினார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

‘‘ஐயா, தேசம்மா எங்கிட்ட சொன்ன முருங்கக் கெளை எங்கங்கய்யா?’’

‘‘அதெல்லாம் பேச்சு வழக்கும்மா. சபைக்கு ஆகாது.’’

‘‘மெதிக்காத மாமான்னு அந்தப் புள்ள சொன்னது?’’

‘‘மனிதாபிமானமற்ற செய்கை என்று போட்டிருக்கிறேனே. அதற்குள் எல்லாம் அடக்கம்.’’

தாள்களை அடுக்கிக் கட்டினார். அப்புறம் மெதுவாக, ‘‘நல்லாத்தான் எழுதியிருக்கீங்க ஐயா. தப்பு எம்மேல’’ என்றார். பாராட்டினார் என்றுதான் நான் நினைத்தேன். கண்ணாடி ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே வந்தார். களைப்பு, பாவம். பின் சீட்டில் பெண்கள் பொட்டலத்தைப் பிரித்துப் புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு கவளம் வேண்டுமா என்று குப்பம்மாள் கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

மாவட்டத் தலைநகரில் பெரிய கூட்ட அரங்கு. ஏ.சி. போட்டு நடுங்கவைத்தார்கள். நீதிபதி வயசானவர், தங்கமானவர், இந்தப் பெண்கள் உள்ளே நுழையும்போது எழுந்து நின்று கும்பிட்டார். அவர் பக்கத்தில் ஒரு அம்மாள், உறுப்பினர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். அவர்தான் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். புரட்டினார், புரட்டினார். பிறகு நீதிபதியிடம் இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

‘‘ஒன்பதாம் தாளும் முப்பதாம் தாளும் ஒரே வாக்கியம். இருபத்திரண்டும் அதேதான். இதோ, குப்பம்மாள், வயது அறுபத்தைந்து, வாரிசு இல்லைன்னு மேல இருக்கு. கீழ மைனர் மகளைப் பிரிந்துன்னு இருக்கு.’’

ஜெராக்ஸ் கடைப் பெண் எடுக்க மறந்துவிட்டது தம்பி. எல்லாவற்றையும் நான்தான் பார்க்கவேண்டுமா?

நீதிபதி, ‘‘யாராவது ஒருத்தரைக் கேட்டுப் பார்க்கலாம்’’ என்றார். முதல் தாள் யாருடையது? தேசம்மாள். எழுந்து நிற்கச் சொன்னார்கள். அந்த அம்மாள் என் வாக்கியத்தை முழுசாகப் படித்தார். ‘சொல்லொணாத் துயரத்துக்கும் ஆற்றொணா மன உளைச்சலுக்கும்’ என்று மைக்கில் கேட்டபோது என் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லமாட்டேன்.

‘‘இது நீ சொன்னதாம்மா?’’

நான் பின்வரிசையிலிருந்து தலையை ஆட்டிக் காட்டினேன். ஆமாம் சொல், ஆமாம் சொல். என்னைப் பார்க்கிறாள் தம்பி. பார்த்துக்கொண்டே யோசிக்கிறாள்.

‘‘இல்ல சாமி. நான் இப்பிடிச் சொல்லல.’’

‘‘ரேகை உன்னுடையதுதானே?’’

‘‘ரேக எங் கைதான் சாமி. பேச்சி என்னுது இல்ல.’’

பாவி. பொய்யா சொல்லச் சொன்னோம்? அடிபட்டது நிஜம், குழந்தை போனது நிஜம். ஒரு தலையாட்டு, அவ்வளவுதானே. ஆனால் அவர்களுக்கு அப்படி ஒரு புத்தி. கேட்டதற்குத்தான் பதில் சொல்வார்கள். இது நீ சொன்னதா என்றால் சொன்னேனா இல்லையா என்று மட்டும்தான் யோசிப்பார்கள். அதற்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று பார்க்கத் தெரியாது.

வக்கீலம்மா எழுந்தார். ‘‘ஐயா, இவங்க வாயாலயே இப்ப சொல்லட்டும். எழுதினது எப்படியோ போகட்டும். தயவு செஞ்சு கேளுங்க’’ என்றார்.

நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். மதியத்துக்குமேல் பேசவேண்டிய வேறு மாவட்டத்து ஆட்கள் வெளியே காத்திருந்தார்கள். இருந்தாலும் தங்கமானவர் என்றேனே. ‘‘ஐந்து நிமிஷம். சொல்லும்மா, என்ன நடந்தது?’’ என்றார்.

தேசம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மைக்கைக் கொடுத்தார்கள், அதைப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு கையாலும் செம்பைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டாள்.

‘‘எங் குடிசையில ஒரு மூலையில கோழி அடையில இருந்துச்சி சாமி.’’

நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன்.

அண்ணி வீட்டுக்குப் போனது, அண்ணி செவப்புக் கோழியைக் கொடுத்தது, வேறு கோழி கேட்டால் அண்ணன் திட்டியது, கூடையில் வைக்கோல் போட்டது, பதினோரு முட்டை, எந்த முட்டை எந்தப் பக்கம் என்று பூங்காவனத்துக்குத் தெரியும் என்பது. அவளுக்கு அவசரமே இல்லை தம்பி. முதல் தடவையாக ஒரு பெரிய மனுஷன் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார், அவள் ஒன்றையும் விடாமல் சொல்கிறாள். அந்த அம்மாள் பேனாவை மூடினார். நீதிபதி இரண்டு தடவை, ‘‘விஷயத்துக்கு வாம்மா’’ என்றார்.

‘‘வரேன் சாமி, அதான் சாமி விசயம்’’ என்றாள். என்னத்தைச் சொல்வது?

மேஸ்திரி குடிசைக்குள் நுழைந்து, அவன் கால் கூடைப் பக்கம் போகிறது, அந்த இடத்தில் மணி அடித்துவிட்டார்கள். சின்ன மணிதான், மேஜைமேல் வைக்கிற மணி. தேசம்மாள் மைக்கைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ‘‘இன்னும் வரல சாமி’’ என்றாள். ‘‘இப்பத்தான் சாமி வருது.’’

‘‘எழுதிக் கொடுங்கம்மா’’ என்றார் நீதிபதி. அவருக்கும் வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது.

அறிக்கை சித்திரையில் வந்தது. வக்கீலம்மா ஆபீசில் பார்த்தேன், அவர் காட்டவில்லை, மேஜைமேல் கிடந்தது, படித்தேன். நம்முடைய பகுதிக்கு ஒரே வாக்கியம். ‘ஒரே அச்சில் வார்க்கப்பட்டவையாக இருப்பதால் இவ்வாக்குமூலங்களைக் கணக்கில் கொள்ள இயலவில்லை.’ சட்டம் இருந்த மாதிரியே இருக்கிறது. அடுத்த குழு எப்போது வரும் என்று கேட்டேன். அவர் கையை விரித்தார். பக்கத்துத் தாலுகாவில் அவரே உட்கார்ந்து எழுதியது பதினாறு, அதைப் படித்தார்களாம், ஆனால் அது போதாதாம். அதற்கப்புறம் வக்கீலம்மா இந்தப் பக்கம் வந்தால் வணக்கம் சொல்வார், வேலை கொடுப்பதில்லை. எனக்கு அது குறைதான். யார் செய்த பிழைக்கு யார் பழி சுமப்பது?

தேசம்மாள் வந்தாள். போன வாரம் வந்தாள். அதனால்தான் இவ்வளவும் இப்போது மேலே வந்து நிற்கிறது. மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை இல்லத்தில் பிள்ளையைப் பார்க்க விடுவார்கள். பார்த்துவிட்டு வருகிற வழியில் இங்கே இறங்கியிருக்கிறாள்.

‘‘எப்படி இருக்கிறாள் பெண்?’’ என்றேன். கோபத்தைக் காட்டிக்கொள்ளவில்லை.

‘‘நல்லாக்கீறா சாமி. கவுனு போட்டுக்கினுகீறா. எலும்பு கூடிடிச்சி. என்ன ‘நீங்க’ன்றா சாமி. ‘எப்ப வந்தீங்க, சாப்ட்டீங்களா’ன்றா.’’

‘‘நல்ல பழக்கம்தானேம்மா. மரியாதை கற்றுக்கொடுக்கிறார்கள்.’’

‘‘வெளியாளுங்களத்தான சாமி அப்பிடிக் கேப்பாங்க’’ என்றாள். அப்புறம், ‘‘அன்னிக்கி நீ எழுதுனத படி சாமி. நான் இல்லன்னுட்டனே, என்னா எழுதியிருந்துச்சின்னு கேக்கணும்’’ என்றாள்.

என்னிடம் பிரதி இருந்தது. எடுத்துப் படித்தேன். அவசரப்படாமல், நிறுத்தி, நீதிபதிக்குப் படிப்பதுபோலப் படித்தேன். கீழே குந்தி, முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். அனலிலிட்ட புழு வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆடு மனுவுக்கு அழுத தாசில்தாருக்கு அப்புறம் அவள்தான். முடித்தேன்.

‘‘பாவம் சாமி’’ என்றாள். ‘‘இந்தப் பொம்பளைக்குப் புள்ள கெடச்சிதா?’’

‘‘ஏய், நீதான்மா அது.’’

‘‘நானா இருந்தா பூங்காவனம் வந்திருக்குமே சாமி. அவ பேரு எங்கியுமே வரலியே.’’

‘‘மைனர் பேரை எழுதக் கூடாதும்மா. எழுதினால் தப்பு. சட்டம் அப்படி’’ என்றேன். அதில் நான் சொன்னது சரிதான் தம்பி, நீங்கள் எந்த வக்கீலை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

‘‘எந்தச் சட்டம் சாமி? நாம மாத்தச் சொல்லிக் கேக்கப் போனமே, அதுவா? வேறயா?’’

கேலி பண்ணவில்லை. அவர்களுக்குக் கேலி பண்ணத் தெரியும், பெண்கள் கூட்டமாக வந்தபோது பார்த்தேனே. இது அது இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். நான் அந்தத் தாளை இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன். பின்பக்கம் ரேகை மட்டும்தான் இருந்தது. அவள் ஊருக்குப் போகிற பஸ் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போயும் விட்டது. அவள் எழுந்திருக்கவில்லை.